ஆய்வுக் குழுவுக்குப் படியளப்பது யார்?

திருப்பூரில் ஏற்றுமதிச் சரக்கு கிளம்புவதற்கு முன் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் நடக்கும். லாட்டில் 3,201 முதல் 10,000 உருப்படி வரை இருந்தால், வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனைப்படி 200 உருப்படி எடுத்துப் பார்க்க வேண்டும். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 என்று பையர் சொல்லியிருந்தால் 10 குறை வரை பாஸ், 11 வந்தால் லாட் ஃபெயில். இந்த அட்டவணையில் யாரும் கை வைக்க முடியாது. கை வைக்கிற இடம் வேறு. அந்த 200 உருப்படி எந்தப் பெட்டிகளிலிருந்து வந்தது? பேக்கிங் ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்து வைத்த பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கிறவருக்கும், குடோனுக்குள் போய் அடியில் கிடக்கும் பெட்டியைக் கைகாட்டி எடுக்கச் சொல்கிறவருக்கும் அட்டவணை ஒன்றுதான். ரிப்போர்ட் ஒன்றாக இருக்காது. இன்ஸ்பெக்‌ஷன் பில்லை பையர் கட்டுகிறாரா, கம்பெனியே கட்டுகிறதா என்பதும் அந்த ரிப்போர்ட்டில் எங்கோ தெரியும்.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் அரசுத் திட்டங்களை ஆராய அமைக்கும் குழுக்களிலும் இதே சங்கதிதான். செய்தி படிக்கிறவர்கள் தலைவர் பெயரைப் பார்க்கிறார்கள்: ஓய்வுபெற்ற அட்மிரலா, முன்னாள் அமைச்சரா, பேராசிரியரா. பெயர் பெரிதாக இருந்தால் அறிக்கையும் நடுநிலை என்று நம்பிவிடுகிறார்கள். நடந்ததையெல்லாம் வரிசையாகப் பார்த்தால் பெயரைவிடக் கனமான கேள்விகள் சில உண்டு. குழுவை அமைத்தது யார், சம்பளம் யார் கணக்கில், எதை ஆராயலாம் என்று வரம்பு எழுதியது யார், தரவும் சோதனைக்கூடமும் யார் கையில், அறிக்கையை வெளியிடும் உரிமை யாருக்கு, பரிந்துரை நிறைவேறியது என்று கையெழுத்துப் போடுவது யார். சார்பு நுழைகிற வாசல்கள் இவை.

கொங்கு நாட்டுக்கு இது தூரத்துக் கதை இல்லை. சந்திரயான்-2 ஏறிப்போன ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினுக்குச் சேலம் உருக்காலை சிறப்பு ரகத் துருப்பிடிக்காத எஃகு கொடுத்தது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையை அரைத்துத்தான் நிலவு மண்ணுக்கு மாற்றாகப் பரப்பிச் சோதனை செய்தார்கள். சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர். கோவைப் பட்டறைகளில் விண்வெளிப் பாகம் கடைகிறவர்களும் இருக்கிறார்கள். ககன்யானில் ஆள் ஏறப்போகிற நேரத்தில், அந்தத் திட்டத்தை யார் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேட்க இங்குள்ளவர்களுக்குக் காரணம் உண்டு.

சலுகை எப்படி வழக்கமாகிறது

சார்பு என்றவுடன் லஞ்சம், மிரட்டல் என்று மனம் போகும். விண்வெளித் துறையில் அது பெரும்பாலும் காகிதத்தில், நல்லெண்ணத்தோடு, தவணை முறையில் வந்து சேர்கிறது.

கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். டிராயிங்கில் கொடுத்த டாலரன்ஸுக்கு வெளியே ஒரு பாகம் போய்விட்டால், நான்-கன்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட் எழுத வேண்டும். அதன் பிறகு வழி மூன்று: ரீவொர்க், ஸ்கிராப், அல்லது ‘யூஸ் ஆஸ் இஸ்’, அதாவது இருக்கிறபடியே பயன்படுத்திக்கொள்வது. மூன்றாவதற்கு வடிவமைப்பாளரும் தரப் பிரிவும் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதல் தடவை அந்தக் காரணத்தை எழுத நாலு நாள் ஆகும். பாகம் பறந்து பத்திரமாக வேலை செய்துவிட்டால், அடுத்த தடவை முந்தைய சலுகைக் கடிதமே ஆதாரமாக இணைக்கப்படும். நாலாவது தடவை யாரும் படிப்பதுகூட இல்லை.

நாசாவின் விண்வெளி ஓடமான (ஷட்டில்) சேலஞ்சர் 1986-இல் சிதறிய விபத்தின் காகிதத் தடம் அப்படியே இதுதான். திட எரிபொருள் பூஸ்டரின் இணைப்பில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் அரிக்கப்படவே கூடாது என்பது வடிவமைப்பு விதி. 1981 நவம்பரில், ஷட்டிலின் இரண்டாவது பயணத்திலேயே அரிப்பு தென்பட்டது. 1982 டிசம்பரில் அந்த இணைப்பு, மாற்று ஏற்பாடு இல்லாத, பழுதானால் கலமும் ஆட்களும் போய்விடும் என்கிற முதல் வகை அபாயப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. 1985 ஜனவரியில் குளிர் நாளில் ஏவியபோது சூடான வாயு முதல் வளையத்தைத் தாண்டிக் கசிந்தது. அந்த ஆண்டு ஜூலையில், இதைத் தீர்க்காமல் ஏவக்கூடாது என்று தடையும் போட்டார்கள். பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தத் தடைக்கு விலக்கு எழுதினார்கள். சேலஞ்சரின் கடைசிப் பயணம் வரை விலக்கு தவறவில்லை. சமூகவியலாளர் டயான் வாகன் இதற்கு விலகலே இயல்பாகிப்போதல் என்று பெயர் கொடுத்தார்.

1986 ஜனவரி 27 இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், பூஸ்டர் செய்த மார்ட்டன் தயாகால் நிறுவனப் பொறியாளர்கள் சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நாசாவின் மார்ஷல் மையம் அதை ஏற்கத் தயங்கியது. நிறுவனம் தனியாகப் பேச அவகாசம் கேட்டது. திரும்பி வந்தபோது பொறியாளர்களை ஒதுக்கிவிட்டு நான்கு மேலாளர்கள் ஏவலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். மறுநாள் காலை வெப்பநிலை சுமார் 2 டிகிரி. 73 நொடியில் ஏழு பேரும் போனார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆபத்தில்லை என்று நிரூபித்தால்தான் ஏவலாம் என்பது விதி. அன்றிரவு அது தலைகீழாகி, ஆபத்து என்று நிரூபித்தால்தான் நிறுத்தலாம் என்றாயிற்று. கேள்வியை யார் வடிவமைக்கிறாரோ அவருக்கு ஆய்வின் முடிவில் பாதி சொந்தம்.

ரோஜர்ஸ் ஆணையம்: உள்ளாட்களின் பயன்

விபத்து நடந்தவுடன் நாசா தனக்குத்தானே இடைக்காலக் குழு ஒன்றை அமைத்துக்கொண்டது. பிப்ரவரி 3 அன்று அதிபர் ரீகன், முன்னாள் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ரோஜர்ஸ் தலைமையில் ஆணையம் அறிவித்தார். முதலில் அது நாசாவின் விசாரணையை மேற்பார்வை பார்க்கிற அமைப்பாகத்தான் கிளம்பியது. ஏவும் முடிவெடுத்த விதமே பழுதாக இருந்திருக்கலாம் என்று தெரிய வந்தபோது, அந்த முடிவில் பங்கெடுத்த யாரும் விசாரணை அணிகளில் இருக்கக்கூடாது என்று ரோஜர்ஸ் பிப்ரவரி நடுவில் கேட்டுக்கொண்டார். ஆணையத்தின் குணம் மாறியது அன்றைக்குத்தான்.

உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் யாரும் முழு வெளியாள் இல்லை. துணைத் தலைவர் நீல் ஆம்ஸ்ட்ராங். சாலி ரைட் அப்போதும் பணியில் இருந்த விண்வெளி வீராங்கனை. போயிங்கின் ஜோசப் சட்டர், விமானப் படையின் டொனால்ட் குடைனா இருந்தார்கள். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஒருவர்தான் ஓரளவு ஊருக்குப் புதியவர். பனிக்கட்டி போட்ட தண்ணீரில் ஓ-ரிங் துண்டை முக்கிக் காட்டியவர் அவர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ரப்பரையும் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்க்கும் யோசனை உள்ளே இருந்தவர்கள் வழியாகத்தான் அவருக்கு வந்து சேர்ந்தது. எங்கே தோண்ட வேண்டும் என்று உள்ளாளுக்குத் தெரியும். தோண்டினால் வேலை போகாது என்ற நிலை வெளியாளுக்கு இருந்தது. இந்தச் சேர்க்கை இல்லாமல் அந்த அறிக்கை இல்லை.

ஃபைன்மனின் தனிக் கருத்து அறிக்கையின் பின்னிணைப்பு எஃப் ஆக வந்தது. ஷட்டில் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு என்ன என்று அவர் விசாரித்தபோது, பொறியாளர்கள் 100-இல் ஒன்று என்கிற அளவில் சொன்னார்கள். நிர்வாகம் 1,00,000-இல் ஒன்று என்றது. ஒரே எந்திரம், ஒரே வளாகம், ஆயிரம் மடங்கு வித்தியாசம். 135 பயணங்களில் இரண்டு கலங்கள் அழிந்தன என்பது பின்னால் கிடைத்த கணக்கு. ஒருவருடைய மாறுபட்ட குரல் முழுதாக அச்சேறியிருக்கிறதா என்பதை எந்த ஆய்வு அறிக்கையிலும் முதலில் தேடலாம். ஒருமனதான அறிக்கை என்றால் அது அரைத்து மாவாக்கிய அறிக்கையாகவும் இருக்கலாம்.

அதே ஆணையம் ‘மௌனமான பாதுகாப்புத் திட்டம்’ என்று ஒரு அத்தியாயமே எழுதியது. மார்ஷல் மையத்தில் பாதுகாப்பு, தரம் பார்க்கிற பிரிவு, தான் கண்காணிக்க வேண்டிய அதே பொறியியல் இயக்குநரகத்தின் கீழே இருந்தது. அதன் பின் நாசா தலைமையகத்தில் தனி அலுவலகம் திறந்தார்கள்.

கொலம்பியா: அதே பள்ளம், 17 ஆண்டு கழித்து

2003 பிப்ரவரி 1 அன்று இன்னொரு ஷட்டிலான கொலம்பியா சிதறியதும், சேலஞ்சருக்குப் பிறகு எழுதி வைத்திருந்த அவசரத் திட்டப்படி அன்றைக்கே விசாரணைக் குழு கூடியது. அட்மிரல் ஹரால்ட் கெமன் தலைவர். முன்கூட்டியே எழுதி வைத்ததால் வேகம் கிடைத்தது. அதே காரணத்தால் குழுவின் சாசனமும் நாசா எழுதியதாக இருந்தது: அறிக்கை நாசா தலைவரிடம், செயலக உதவி நாசாவிடமிருந்து. அமெரிக்கக் காங்கிரஸில் எதிர்ப்பு வந்தது. சாசனத்தைத் திருத்தித் திருத்தி, உறுப்பினர்களை 13 ஆக உயர்த்தி, வெளிக் கல்வியாளர்களைச் சேர்த்தார்கள். அரசுப் பணியில் இல்லாத உறுப்பினர்களை நாசாவின் சம்பளப் பட்டியலில் சேர்த்ததும் சர்ச்சையானது. எல்லாரும் அரசு ஊழியராகிவிட்டால் ஆலோசனைக் குழுக்களுக்கான திறந்த கூட்டச் சட்டம் பொருந்தாது என்பது அதன் சூட்சுமம். மூடிய அறையில் பொறியாளர்கள் பயமின்றிப் பேசுவார்கள் என்ற வாதத்திலும் நியாயம் இருந்தது. ரகசியம் எப்போதும் கெட்டது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

இத்தனை சிக்கலோடு தொடங்கிய குழு, நாசாவைக் கடுமையாகச் சாடிய அறிக்கையைத்தான் 2003 ஆகஸ்ட் 26 அன்று கொடுத்தது. அதற்குப் பெரிய காரணம் ஒரு சோதனை. ஏவிய 81.7 நொடியில் வெளித் தொட்டியிலிருந்து முக்கால் கிலோ எடையுள்ள நுரைத் துண்டு உடைந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்தது. நுரை என்பதால் ஒன்றும் ஆகாது என்று நாசாவில் பலர் நம்பினார்கள். பயணம் நடந்துகொண்டிருந்தபோது செய்த கணக்கீட்டு மாதிரி, உண்மைத் துண்டைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறிய துணுக்குகளின் தரவில் கட்டப்பட்டது. விண்வெளியில் கலத்தைப் படம் எடுத்துப் பார்க்கப் பொறியாளர்கள் கேட்டதும் நடக்கவில்லை. விசாரணைக் குழு வாதம் செய்துகொண்டிருக்காமல், டெக்சாஸின் சான் அன்டோனியோவில் உள்ள ஆய்வு நிறுவனத்தில் வாயுப் பீரங்கி வைத்து அதே அளவு நுரையை மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் உண்மையான இறக்கைப் பலகை மீது சுட்டது. 2003 ஜூலை 7. சுமார் 40 செ.மீ. அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அதன் பிறகு விவாதம் இல்லை. சோதனைக்குத் தனிப் பணமும், சோதனையைத் தானே வடிவமைக்கும் உரிமையும் இல்லாத குழு, சோதிக்கப்படுகிறவர் கொடுக்கும் காகிதத்தைத்தான் படிக்க முடியும்.

குழு இன்னொன்றும் கண்டது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஒரு பகுதியை 2004 பிப்ரவரி 19-க்குள் ஏவ வேண்டும் என்று தேதி குறித்து, அதற்கு மீதமிருக்கும் நாட்களையும் மணிகளையும் எண்ணிக் காட்டும் ஸ்கிரீன் சேவரை மேலாளர்களின் கணினிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். கால அட்டவணை யாரையும் மிரட்டவில்லை. திரையில் இருந்தது, அவ்வளவுதான். பாதுகாப்புப் பிரிவு மறுபடியும் திட்டங்களின் நிதியை நம்பியே இருந்ததையும் அறிக்கை பதிவு செய்தது. 1986-இல் பெயர்ப் பலகை மாறியது. காசு வருகிற குழாய் மாறவில்லை.

அப்பல்லோ-1 தீவிபத்துக்குப் பிறகு 1968-இல் காங்கிரஸ் உருவாக்கிய நிரந்தரப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவும் இந்த விபத்தில் அடிபட்டது. எச்சரிக்கைகள் எழுதும் வேலை அதற்கு இருந்தது, நிறுத்தும் அதிகாரம் இல்லை. விமர்சனத்தைத் தாங்காமல் 2003 செப்டம்பரில் அதன் உறுப்பினர்கள் எல்லாரும் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தார்கள். பிறகு புது ஆட்களோடு அது திரும்ப அமைந்தது.

பரிந்துரைகள் நிறைவேறினவா என்று பார்க்க முன்னாள் விண்வெளி வீரர்கள் ஸ்டாஃபோர்ட், கோவி தலைமையில் தனிக் குழு வந்தது. மீண்டும் பறப்பதற்கு முன் செய்ய வேண்டிய 15-இல் 3 முழுமையாக நிறைவேறவில்லை என்று அது வெளிப்படையாகச் சொன்னது. நுரை உதிர்வதை நிறுத்துவதும் அந்த மூன்றில் ஒன்று. நாசா ஏவியது. 2005 ஜூலை 26 அன்று டிஸ்கவரி ஷட்டில் கிளம்பியபோது பெரிய நுரைத் துண்டு மறுபடி உடைந்தது. நல்லவேளை, கலத்தில் படவில்லை. அடுத்த ஏவுதலுக்கு 2006 ஜூலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வெளியிடுகிறவர் கையில்

2018-இல் ரஷ்யாவில் இரண்டு விசாரணைகள் நடந்தன. ஆகஸ்டில் விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் கலத்தில் 2 மி.மீ. துளை கண்டார்கள். யார் போட்டது என்ற விசாரணையின் முடிவை ரஷ்ய விண்வெளி நிறுவனமான ராஸ்காஸ்மாஸ் இன்றுவரை வெளியிடவில்லை. அக்டோபர் 11 அன்று சோயுஸ் எம்.எஸ்.-10 ஏவுதல் நடுவானில் முறிந்து இரண்டு வீரர்கள் தப்பித்தார்கள். பைக்கோனூரில் பாகங்களைக் கோக்கும்போது ஒரு சென்சாரின் முனை வளைந்ததுதான் காரணம் என்று மூன்று வாரத்துக்குள் வீடியோவோடு அறிவித்தார்கள். டிசம்பர் 3 அன்று அடுத்த குழு பறந்தது. அமைப்பு ஒன்று, ஆண்டு ஒன்று. இரண்டாவதில் வெளிநாட்டுப் பங்காளிகளின் ஆட்களும் ஏற வேண்டியிருந்ததால் உண்மையைச் சொல்லாமல் வேலை நடக்காது.

அமெரிக்காவிலும் இதன் சாயல் உண்டு. 2019 டிசம்பரில் ஆளில்லாமல் பறந்த, போயிங் செய்த ஸ்டார்லைனர் கலத்தின் கடிகாரம் 11 மணி நேரம் பிசகாகக் காட்டியது. நாசாவும் போயிங்கும் சேர்ந்து அமைத்த குழு 80 பரிந்துரை தந்தது. முழுப் பட்டியலும் வணிக ரகசியம் என்று உள்ளேயே நின்றது. நிலவுப் பயணத்துக்கான நாசாவின் ஓரியன் கலத்தின் வெப்பக் கவசம் 2022-இல் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் எதிர்பாராதபடி பெயர்ந்ததன் படங்களை மக்கள் பார்த்தது, நாசாவுக்குள்ளேயே இருந்தாலும் காங்கிரஸுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 2024 மே மாதம் அறிக்கை வெளியிட்டபோதுதான்.

பணக் கணக்கு ஆய்வில் ஒரு தனிச் சார்பு

விபத்து விசாரணையில் உடைந்த பாகம் கையில் இருக்கிறது. ஒரு திட்டத்தைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று பார்க்கிற கொள்கை ஆய்வில் அப்படி எதுவும் இல்லை, அனுமானங்கள்தான். நாசாவின் மனித விண்வெளித் திட்டங்களை ஆராய 2009-இல் ஒபாமா அரசு அமைத்த குழுவுக்கு நார்மன் அகஸ்டின் தலைவர். அவர் லாக்ஹீட் மார்ட்டினின் முன்னாள் தலைவர். ஆராயப்பட்ட ஓரியன் கலத்தைச் செய்வது அதே நிறுவனம். குழுவில் இருந்த ஜெஃப் கிரீசன் தனியார் ராக்கெட் நிறுவனம் நடத்தியவர். ஆளுக்கொரு பக்கம் இருந்தது, எல்லாருக்கும் அது தெரிந்தும் இருந்தது. செலவுக் கணக்கை நாசாவின் எண்களை அப்படியே எடுக்காமல் ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷன் என்ற வெளி ஆய்வு நிறுவனத்திடம் தனியாகப் போடச் சொன்னார்கள்.

அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. இருக்கிற நிதியில் ஏரிஸ்-1 ராக்கெட்டும் ஓரியனும் தயாராகும்போது, அவை போய்ச் சேர வேண்டிய விண்வெளி நிலையம், அப்போதைய திட்டப்படி, ஏற்கெனவே கடலில் இறக்கப்பட்டிருக்கும். ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் கூடுதலாக இல்லாமல் பூமிச் சுற்றுப்பாதையைத் தாண்டி மனிதப் பயணம் கிடையாது என்றும் குழு சொன்னது. அடுத்த ஆண்டு, இவை இரண்டும் அடங்கிய கான்ஸ்டெலேஷன் திட்டம் கைவிடப்பட்டது; ஓரியன் மட்டும் தப்பியது. குழுவுக்கு ஒரே வழியைப் பரிந்துரைக்கும் வேலை தரப்படவில்லை, தேர்வுகளை அடுக்கிக் காட்டும் வேலைதான். அதனால் அரசியல்வாதிகள் தமக்குப் பிடித்த வரியை எடுத்துக்கொண்டார்கள் என்ற குறை நியாயமானதே.

நம் வீட்டில்

ககன்யானுக்கு 2018-இல் ஒதுக்கியது 9,023 கோடி ரூபாய். விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து 2024 செப்டம்பரில் அது 20,193 கோடியானது. 2022-இல் ஆள் பறப்பார் என்ற அறிவிப்பு நழுவி 2027 என்கிறார்கள். தாமதத்தைக் குறை சொல்வது தவறு. இத்துறையில் தாமதம் பெரும்பாலும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட மறுத்ததன் அடையாளம்.

இஸ்ரோவின் உள் ஆய்வு அடுக்குகள் பலவீனமானவை இல்லை. வடிவமைப்பு மறுஆய்வுகள், ஏவுதயார்நிலை ஆய்வு, கடைசியில் ஏவுதலுக்கு அனுமதி தரும் வாரியம் என்று வரிசை இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் ககன்யான் ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினான சி.இ.20-ஐ மனிதப் பயணத்துக்குத் தகுதிப்படுத்த 39 முறை எரித்து, குறைந்தபட்சத் தேவை 6,350 நொடி என்றால் 8,810 நொடி ஓட்டினார்கள். சிக்கல் திறமையில் இல்லை. இஸ்ரோ தலைவர், விண்வெளித் துறைச் செயலர், விண்வெளி ஆணையத் தலைவர் மூன்றும் ஒரே ஆள். திட்டத்தை நடத்துகிறவர், அமைச்சகத்தின் உச்ச அதிகாரி, கொள்கை வகுக்கும் ஆணையத்தின் தலைவர் என மூன்று நாற்காலியும் ஒருவருக்கு என்றால், கீழேயிருந்து மறுப்புச் சொல்லும் பொறியாளர் முறையிடப் போகும் மேல் படி எது? 2020-இல் அறிவித்த இன்-ஸ்பேஸ் அமைப்பும் தனியார் நிறுவனங்களுக்குத்தான் அனுமதி தருகிறது.

தோல்விகளை வெளிப்படுத்துவதில் இஸ்ரோவின் பழக்கம் ஒரு சீராக இல்லை. 2021 ஆகஸ்டில் ஜி.எஸ்.எல்.வி.-எஃப்10 தோற்றபோது திரவ ஹைட்ரஜன் தொட்டியின் வால்வில் கசிவு என்று விளக்கம் வந்தது. 2022 ஆகஸ்டில் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.-யின் முதல் ஏவுதலில், இரண்டாம் கட்டம் பிரியும்போது சிறிது நேர அதிர்வில் முடுக்கமானிகள் (வேக மாற்றத்தை அளக்கும் கருவிகள்) அளவு மீறிப்போனதாகவும், கணினி அவை பழுது என்று முடிவு கட்டியதாகவும் தெளிவாகச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் அடுத்தது வென்றது. 2019-இல் சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் மோதியபோது நாடாளுமன்றத்துக்கு ஒரு பத்திப் பதில்தான் கிடைத்தது. எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிடக் கூடியது, கலம் திரும்பும் வேகத்துக்கு மென்பொருள் வரம்பு கட்டியது, 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சின்ன இடத்தைத் தேடி ஓடியது என்ற முழு விளக்கம், சந்திரயான்-3 கிளம்பும் சமயத்தில்தான் பொதுவெளிக்கு வந்தது. சித்தம்பூண்டி மண்ணில் செய்த சோதனையில் குறையில்லை. பழுது இருந்தது சோதனைக்கு உட்படுத்தாத சேர்க்கைகளில்.

அண்மைய உதாரணம்தான் உறுத்துகிறது. 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி.-சி61 மூன்றாம் கட்டத்தில் அறை அழுத்தம் குறைந்து தோற்றது. ஆய்வுக் குழு அறிக்கை பொதுவெளியில் வைக்கப்படவில்லை. 2026 ஜனவரி 12 அன்று சி62-உம் மூன்றாம் கட்டத்தின் முடிவில் தடம் மாறியது. ஆளை ஏற்றிப் போகப்போவது எல்.வி.எம்.3, இந்த ராக்கெட் இல்லை. ஆனாலும் ஆய்வை நடத்துகிற பழக்கம் இரண்டுக்கும் ஒன்றே. முதல் அறிக்கையை வெளியே உள்ள பத்து திட எரிபொருள் நிபுணர்கள் படித்திருந்தால் இரண்டாவது நடந்திருக்காது என்று சொல்ல யாராலும் முடியாது. படிக்கும் வாய்ப்பே இல்லாமல் போனது என்று சொல்ல முடியும்.

ரயில் பாதையில் இருக்கும் முன்மாதிரி

அமெரிக்காவைப் பார்த்து எழுத வேண்டியதில்லை. போத்தனூர்–பொள்ளாச்சி பாதை அகலப்பாதையானபோது, முதல் பயணி ஏறுவதற்கு முன் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பாலம், வளைவு, சிக்னல் பார்த்து, வேகச் சோதனை ஓட்டி அனுமதி தர வேண்டியிருந்தது. அந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். 1941-இல் ரயில்வே வாரியத்திலிருந்து இந்தப் பொறுப்பைப் பிரித்தார்கள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் பயணிப் பாதை திறப்பதற்கும் விபத்து விசாரணைக்கும் அவருடைய பங்கை எழுதி வைத்திருக்கிறது.

இதிலும் ஓட்டை உண்டு. ஆணையர்கள் பெரும்பாலும் ரயில்வே பணியிலிருந்தே வருகிறார்கள். 2023 பாலாசோர் விபத்தில் ஆணையரின் அறிக்கையை, வேறு விசாரணை நடப்பதாகச் சொல்லி வாரியம் அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. நாற்காலி வெளியே போட்டாலும் வெளியிடும் உரிமை உள்ளேயே இருந்தால் இப்படித்தான். ஆனாலும் ஆள் உள்ளிருந்து, நாற்காலி வெளியில், அதிகாரம் சட்டத்தில் என்ற அமைப்பு ககன்யானுக்குப் பொருந்தும். வேறு அமைச்சகத்தின் கீழ் மனித விண்வெளிப் பயணப் பாதுகாப்பு ஆணையர் ஒருவர். ஏவலுக்குத் தடைபோடும் அதிகாரம். சொந்தச் சோதனைக்கென்று நிதி. விபத்து நடந்தால் கூடும் குழுவின் பதவிகளும் சாசனமும் இப்போதே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதையும் சோதிக்கப்படுகிற நிறுவனமே எழுதினால், கொலம்பியாவில் போல அடிபட்ட பிறகு திருத்திக்கொண்டே இருக்க நேரும். மாற்றுக் கருத்தைத் திருத்தாமல் இணைக்கும் விதி வேண்டும். பரிந்துரை முடிந்தது என்று கையெழுத்திடுகிறவர், அதைச் செய்ய வேண்டிய பிரிவின் மேலதிகாரியாக இருக்கக்கூடாது.

சட்டம் வரும்வரை செய்யக்கூடியதும் இருக்கிறது. விண்வெளித் துறையின் நிதிக் கோரிக்கையை அறிவியல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஆண்டுதோறும் பார்க்கிறது. நம் பகுதி எம்.பி.க்கள் அங்கே எழுப்பலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நாட்டின் அறிவியல், உத்தி நலன் பாதிக்கும் தகவலை மறுக்கப் பிரிவு 8(1)(அ) இடம் தருகிறது. தோல்வி அறிக்கையை முழுதாகக் கேட்டால் அந்தப் பதில் வர வாய்ப்பு அதிகம். அதனால் வால்வின் வரைபடத்தைக் கேட்கக்கூடாது. குழுவை அமைத்த உத்தரவின் நகல், ஆய்வு வரம்பு, உறுப்பினர்களின் பதவியும் அவர்கள் சார்ந்த மையமும், பரிந்துரைகளின் எண்ணிக்கை, எத்தனை முடிந்தன, முடிந்ததென்று ஒப்பமிட்டது எந்தப் பதவி என்று கேட்க வேண்டும். பிரிவு 10-இன்படி ரகசியப் பகுதியை மறைத்து மீதியைத் தரச் சொல்லியும், பிரிவு 8(2)-இன்படி பொதுநலன் மேலோங்குகிறது என்று காரணம் காட்டியும் விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். மறுத்தால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதற்குப் பின் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு 90 நாள் அவகாசம் இருக்கிறது.